வீட்டு முற்றத்தில் அலங்காரப் பறவைத் தீன் தட்டுகள்: எங்கே தொங்கவிடுவது, என்ன வைப்பது?

முற்றத்து_மல்லிகை (இணுவில்)

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் எங்கள் முன்வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினோம். வளவு துப்புரவாக இருக்கிறது, ஆனால் முற்றம் வெறிச்சென்று போய்விட்டது. அதைப் பார்த்து மனம் கேட்காமல் மகள் கனடாவிலிருந்து வந்தபோது அலங்காரப் பறவைத் தீன் தட்டுகள் கொண்டுவந்தாள். ஒன்று பெயின்ற் அடித்த சின்ன மரவீடு. ஒன்று கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்ரிக் குழாய், பக்கத்தில் துவாரங்கள். மற்றது லாந்தர் வடிவில் இரும்பு, சுற்றிவரக் கண்ணாடித் துண்டு பதித்தது. கடைசி, சிவப்புப் பூ வடிவில், சீனித்தண்ணீர் ஊற்றுவதற்கு.

நான்கையும் மாமரத்திலும் விறாந்தை வளையிலும் தொங்கவிட்டேன். குழாய்க்குள் போட்ட விதையை எந்தக் குருவியும் தொடவில்லை. மரவீட்டில் அணில் குடியிருக்கிறது. மீதியைக் காகம் கொட்டுகிறது. இரவில் கீழே எலி ஓடும் சத்தம் கேட்கிறது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார். எனக்கு விருப்பமில்லை. சின்ன வயதில் எங்கள் வளவில் விடியக்காலமை கேட்ட சத்தம் இந்தப் பிள்ளைகளுக்கும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ_வாசி

அக்கா, அந்தக் குழாய் இங்கத்தைய பறவைகளுக்குச் செய்தது. இங்கே கனடாவில் மார்கழி, தையில் எல்லாம் உறைந்து கிடக்கும், பூச்சி புழு இல்லை. அந்த நேரம் சூரியகாந்தி விதையும் கொழுப்புக் கட்டியும் வைத்தால் சிக்கடீ போன்ற சின்னக் குருவிகள் துவாரத்தில் தொற்றிக்கொண்டு எடுத்துத் தின்னும். நானும் பின்வளவில் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துக் குருவிக்கு அந்தப் பழக்கமும் இல்லை, அந்தத் தேவையும் இல்லை. மகள் ஆசையாகக் கொண்டுவந்ததை எறிய வேண்டாம். ஊர் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். எப்படி என்று ஊரில் இருப்பவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

கதியால் (கோப்பாய்)

தங்கச்சி, முதலில் உங்கள் வளவுக்கு வரக்கூடியவை எவை, அவற்றின் வாய்க்கு எது ஏற்றது என்று பார்ப்போம். தட்டின் வடிவத்தைப் பிறகு யோசிக்கலாம்.

யாழ்ப்பாண வளவில் சாதாரணமாகக் காண்கிற பறவைகளில் தானியம் தின்பவை கொஞ்சம்தான். சிட்டுக்குருவி, வயலோரம் கூட்டமாக எழும்பும் சில்லை, தூக்கணாங்குருவி, புறாக்கள், கிளி. புறா என்று சொன்னால் கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட கள்ளிப்புறாவை நன்றாகப் பாருங்கள். இலங்கையில் அது யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம்தான் பெரும்பாலும் இருக்கிறது. தெற்கில் இருந்து பறவை பார்க்க வருபவர்கள் அதைத் தேடித்தான் இங்கே வருகிறார்கள். எங்களுக்கு அது மின்கம்பியில் தினமும் இருக்கும் பறவை.

பழம் தின்பவை இன்னொரு கூட்டம். குயில், கொண்டைக்குருவி, மைனா, மாங்குயில், செம்மார்புக் குக்குறுவான். இவற்றுக்கு விதை வைத்துப் பயனில்லை. நல்லாய்ப் பழுத்த பப்பாப்பழத் துண்டு அல்லது ஒரு கதலி வாழைப்பழத்தைத் தோலோடு பாதியாய் வெட்டி ஆணியில் குத்தி வையுங்கள். கொண்டைக்குருவி எப்படியும் வரும்.

மிச்சம் எல்லாம் பூச்சிக்காரர். புலுனிக்கூட்டம், குண்டுக்கரிச்சான், தையல்சிட்டு, கரிக்குருவி, செண்பகம். நீங்கள் சின்ன வயதில் விடியக்காலமை கேட்ட சத்தத்தில் பாதிக்கு மேல் இவைகளின் சத்தம்தான். ஐப்பசியில் இந்தியாவில் இருந்து வந்து, காலையும் மாலையும் கருகல் நேரத்தில் கத்தும் ஆறுமணிக் குருவியும் நிலத்துச் சருகைக் கிளறிப் பூச்சி பிடிப்பதுதான். இவற்றுக்கு எந்தக் கடையிலும் தட்டு கிடையாது. மாமரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் விட்டால் அதுதான் அவற்றின் தட்டு.

ஆக, மரவீட்டை வைத்திருங்கள். குரக்கன், தினை, சாமை, பச்சையரிசிக் குறுணல் இவற்றில் ஏதாவது ஒரு கைப்பிடி காலையில் போடுங்கள். மத்தியானத்துக்குள் முடிகிற அளவு போதும். மிக்சர், உப்புப் போட்ட கச்சான், பழைய பாண், புளித்த சோறு வேண்டாம். கச்சான் வைத்தால் உப்பில்லாத புதியது. பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது பறவையின் ஈரலைக் கெடுக்கும். மனிதருக்குக் கூடாத கச்சானைக் குருவிக்குப் போடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டும்.

அணிலுக்கு ஊர் வைத்தியம் இருக்கிறது. தென்னையில் எலி ஏறாமல் தகரம் சுற்றுவோமே, அதே வேலை. தட்டை மரத்தில் தொங்கவிடாமல் தனிக் குழாய்க் கம்பம் நட்டு, இடுப்பளவுக்கு மேல் தகரத்தைக் கூம்பாகச் சுற்றிவிடுங்கள். பக்கத்துக் கிளை எட்டடியாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணில் பாய்ந்துவிடும்.

சாவகச்சேரி_மாந்தோப்பு

எனக்கு வேறு அபிப்பிராயம். தட்டே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் இப்படித் தினமும் சோறும் பாணும் வைத்தார்கள். அந்த ஒழுங்கை முழுக்கக் காகம் நிறைந்தது. காகம் தட்டில் இருப்பதை முடித்துவிட்டுச் சும்மா போகாது, சுற்றிவரக் கூடு தேடும். கொண்டைக்குருவிக் குஞ்சையும் புறா முட்டையையும் எடுத்துக்கொண்டு போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மனிதர் கொட்டும் சாப்பாட்டில்தான் வீட்டுக்காகம் இவ்வளவு பெருகுகிறது. காகத்தைப் பெருக்கிவிட்டு மற்றக் குருவிகளுக்கு உதவி செய்கிறோம் என்று சொல்ல முடியாது.

அக்கா மதில் கட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபிக்க வேண்டாம், வெறிச்சென்று போனதற்குக் காரணம் அதுதான். பழைய வேலியில் கிளுவை நின்றது, பூவரசு நின்றது, முள்முருக்கு நின்றது. முள்முருக்கு பூத்தால் தேன்சிட்டும் மைனாவும் காகமும் கிளியும் ஒரே மரத்தில் நிற்கும். இப்போது கலியாண வீட்டுக் கன்னிக்காலுக்கு ஒரு கிளை வேண்டுமென்றால்கூட ஊரெல்லாம் தேட வேண்டியிருக்கிறது. வேலியில் சாப்பாடும் இருந்தது, கூடு கட்ட இடமும் இருந்தது, பூனையிடமிருந்து ஒளிக்க முள்ளும் இருந்தது. தீன் தட்டு சாப்பாட்டை மட்டும்தான் தரும்.

ஒரு ஜாம்பழ மரம் வையுங்கள். சீக்கிரம் வளரும், வருடம் முழுக்கக் காய்க்கும், குருவிகள் நாள் முழுக்க நிற்கும். அதற்குக் கழுவல் துடையல் ஒன்றும் இல்லை.

கொக்குவில்_உயிரியல்

நான் உயிரியல் படிப்பிக்கிறவள். தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் தட்டே கூடாது என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். தட்டைச் சுத்தமாக வைத்திருக்க முடியாதவர்கள் மட்டும் வைக்க வேண்டாம் என்பேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்.

காட்டில் பறவைகள் பரந்து இரை தேடும். தட்டு வைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் கூடி, ஒரே இடத்தில் எச்சமிட்டு, அதே இடத்தில் கொத்தித் தின்கின்றன. சல்மொனெல்லா என்ற கிருமி பரவுவது இப்படித்தான். புறாக்களின் தொண்டையில் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒருகல ஒட்டுண்ணி இருக்கும். நோய்ப்பட்ட புறா விழுங்க முடியாமல் கக்கிய தானியத்திலும், அது குடித்த தண்ணீரிலும் இருந்து அடுத்த பறவைக்குத் தொற்றும். பிரித்தானியாவில் 2005 அளவில் இது கிறீன்பிஞ்ச் என்ற பச்சைக் குருவிக்குத் தாவியது. தோட்டத் தட்டுகளில் கூட்டமாகத் தின்கிற குருவி அது. எண்ணிக்கை சரிந்து சரிந்து, 2021இல் அந்த நாட்டின் ஆபத்தில் உள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்குள்ள பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்எஸ்பிபி, 2025 தை மாதம் தட்டையான தீன் தட்டுகள் விற்பதையே நிறுத்திவைத்தது. பறவைக்கு உணவு வைப்பதைப் பல காலமாக ஊக்குவித்து வந்த அமைப்பு அது. அவர்களே இப்படி ஒரு முடிவுக்கு வந்தார்கள் என்றால் நாங்களும் யோசிக்கத்தான் வேண்டும்.

அந்த ஒட்டுண்ணிக்குக் காய்ந்த இடம் ஆகாது. ஈரத்தில்தான் அது பிழைக்கும். எங்கள் வெயில் எங்களுக்குக் கைகொடுக்கிற இடம் இது. வாரம் ஒருமுறை தட்டைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, நடு வெயிலில் முழுதாகக் காயவிட்டுத் திரும்பத் தொங்கவிடுங்கள். கிணற்றடியில் சமையல் பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவ வேண்டாம். வேறு பிரஷ், வேறு வாளி வையுங்கள். கழுவிய பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சல்மொனெல்லா எங்களுக்கும் வரும்.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஆள் கிட்டப் போனாலும் பறக்காமல், வாயோரம் ஈரமாக ஒரு புறா நிற்பதைக் கண்டால் அன்றே தட்டையும் தண்ணீரையும் எடுத்துவிடுங்கள். குறைந்தது இரண்டு கிழமை எதுவும் வைக்காதீர்கள். பட்டினி கிடக்குமே என்று கவலைப்பட வேண்டாம், அவை வேறு இடம் தேடிக்கொள்ளும்.

இனி அலங்காரம். கண்ணாடித் துண்டு பதித்த லாந்தரைத் தயவுசெய்து வெளியில் தொங்கவிடாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் குண்டுக்கரிச்சானும் தேன்சிட்டும் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எல்லைக்குள் வந்த எதிரி என்று நினைத்து நாள் முழுக்கக் கொத்தும். கூட்டைக் கவனிக்க வேண்டிய நேரம் அதில் போய்விடும், அலகும் காயப்படும். அதோடு வெயிலில் இரும்பு சுடும். அந்த லாந்தரை விறாந்தைக்குள் விளக்காக வைத்தால் அழகாக இருக்கும்.

யன்னல் விஷயமும் முக்கியம். தட்டை யன்னல் கண்ணாடிக்கு மூன்றடிக்குள் வையுங்கள், அல்லது முப்பதடிக்கு அப்பால் வையுங்கள். மூன்றடிக்குள் இருந்தால் பறவை வேகம் எடுக்குமுன் கண்ணாடியில் தட்டுப்படும், பெரிய அடி விழாது. இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து. புதுவீடுகளில் நிலத்தில் இருந்து கூரைவரை கண்ணாடி போடுகிறார்கள், அப்படி இருந்தால் திரைச்சீலை இழுத்துவிடுங்கள்.

முற்றத்து_மல்லிகை

ரீச்சர், மிக்க நன்றி. கண்ணாடி லாந்தரை இப்போதே உள்ளே எடுத்துவிட்டேன். கொண்டைக்குருவி அதைக் கொத்துவதைப் பார்த்து விளையாடுகிறது என்று பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மாமி சனிக்கிழமை விரதம் பிடிப்பவ. காகத்துக்கு வைக்காமல் சாப்பிடமாட்டா. புரட்டாசிச் சனி என்றால் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். காகம் பெருகும் என்று தம்பி சொன்னதை வாசித்துக் காட்டினேன், அவவுக்கு மனம் நொந்துபோய்விட்டது. இதை என்ன செய்வது?

சாவகச்சேரி_மாந்தோப்பு

அக்கா, மாமிக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள், விரதச் சோற்றை நான் சொல்லவே இல்லை. என் அம்மாவும் வைப்பா. கிழமைக்கு ஒருநாள் ஒரு பிடி சோறு, கூப்பிட்ட உடனே வந்து தின்று முடித்துப் போகும். அதனால் ஒன்றும் பெருகாது. நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் தட்டும், ஒழுங்கை முடக்கில் கொட்டும் குப்பையும்தான் பெருக்குகின்றன.

கதியால் (கோப்பாய்)

காகத்துக்கு அடுப்படிப் பக்கம், குருவிக்கு முன்முற்றம். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். குருவித் தட்டைச் சின்னதாக, ஒரு பெரிய பறவை உட்கார்ந்தால் சரிந்து ஆடுகிற மாதிரிக் கட்டினால் காகம் விரும்பாது. மரவீட்டின் வாசலில் ஒன்றரை அங்குல இடைவெளியில் ஈர்க்கிலோ கம்பியோ நிறுத்திவிட்டால் சிட்டும் சில்லையும் நுழையும், காகமும் புறாவும் நுழையா. புறாவுக்கு நிலத்தில் ஒரு பிடி தூவினால் போதும், அது நிலத்தில் பொறுக்குகிற சாதி. தூவுகிற இடத்தைச் சுற்றி ஆறேழடிக்குப் பற்றை இல்லாமல் வெளியாக இருக்க வேண்டும். பூனை பதுங்க இடம் இருந்தால் புறா ஒவ்வொன்றாய்க் குறையும்.

கிணற்றடி

சுகாதாரப் பக்கம் வேலை செய்கிறேன், அதனால் இரண்டு விஷயம் சொல்லியே ஆகவேண்டும்.

முதலாவது எலி. கீழே தானியம் சிந்தினால் எலி வரும், எலி வந்த இடத்துக்குப் பாம்பும் வரும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். வயல் வெள்ளத்தில் மட்டும்தான் அது தொற்றும் என்று நினைக்கக்கூடாது. எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தாலும், காலில் சின்னக் காயம் இருந்தால் போதும். மாலை ஐந்து மணிக்கு மேல் தட்டில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. பழத்துண்டும் மிஞ்சக்கூடாது, வௌவாலும் வரும். கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளுங்கள். மாரி தொடங்கினால் தானியம் வைப்பதை நிறுத்திவிடுவது நல்லது. அந்த நேரம் புல்லும் பூச்சியும் தாராளமாக இருக்கும், தானியமும் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டாவது தண்ணீர். தீன் தட்டோடு சேர்த்து அலங்காரத் தண்ணீர்த் தொட்டியும் பலர் வைக்கிறார்கள். டெங்கு நுளம்பு முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடையாது. முட்டையில் இருந்து நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் மட்டும் சரி வராது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தினமும் ஊற்றி, தும்புத்தடியால் உட்சுவரைத் தேய்த்த பிறகுதான் நிரப்ப வேண்டும். பரிசோதனைக்கு வருகிறவர்கள் பறவைக்கு வைத்தது என்று பார்க்கமாட்டார்கள், குடம்பி (நுளம்புப் புழு) இருந்தால் வழக்குத்தான்.

கதியால் (கோப்பாய்)

தண்ணீரைப் பற்றிக் கிணற்றடி சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அதற்காகத் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். எனக்குக் கேட்டால் எங்கள் மண்ணில் பறவைக்கு வைக்க வேண்டிய முதல் பொருள் தண்ணீர்தான், தானியம் அதற்குப் பிறகுதான்.

ஏறக்குறைய நான்கு பக்கமும் கடல், நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஓடுகிற ஆறு என்று சொல்ல மழைக்காலத்து வழுக்கையாறு ஒன்றுதான். வருடத்துக்கு 1,200, 1,300 மில்லிமீற்றர் மழை பெய்தாலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் குளங்கள் வெடித்துப்போகும். முன்பு ஒவ்வொரு கிணற்றடியிலும் துலா இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கீரைப்பாத்திக்கும் போகும், காகம் முதல் தேன்சிட்டு வரை அதில் குடித்துக் குளிக்கும். இப்போது மோட்டர் போட்டுக் குழாயில் தாங்கிக்கு ஏற்றுகிறோம். ஒரு சொட்டும் வெளியே நிற்பதில்லை. கனடாவில் பனிக்காலம் எப்படியோ, எங்கள் குருவிக்கு ஆனி, ஆடி, ஆவணி அப்படி.

அகலமான மண்சட்டி ஒன்று போதும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் வையுங்கள். சின்னக் குருவி அந்தக் கல்லில் நின்று குடிக்கும், தேனீயும் மூழ்காது. மர நிழலில் வையுங்கள், வெயிலில் வைத்தால் தண்ணீர் கொதித்துவிடும். காலையில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும்போது சட்டியைக் கன்றடியில் ஊற்றி, தேய்த்து, நிரப்பினால் நுளம்புப் பயமும் இல்லை, தண்ணீரும் வீணில்லை.

ஈர்க்கு (பருத்தித்துறை)

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். நான் பனையோலை வேலை செய்பவள். அலங்காரம் என்ற சொல்லையே எல்லோரும் கொஞ்சம் பயத்தோடு பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. அழகாகவும் பறவைக்குப் பாதுகாப்பாகவும் செய்யலாம், எங்கள் கைப்பொருளிலேயே செய்யலாம்.

உறியைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பூனை, எலி, எறும்புக்கு எட்டாமல் தயிர்ச்சட்டி வைக்கத் தொங்கவிட்டதுதான். அதற்குள் ஒரு மண்சட்டி வைத்தால் அதைவிட வடிவான தீன் தட்டு எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கழுவுவதற்குச் சட்டியை மட்டும் எடுத்தால் போதும். ரீச்சர் சொன்ன சுத்தம் இதில்தான் சுலபம். கடைப் பொருட்கள் பலவற்றில் மூலை முடுக்கு அதிகம், தேய்க்கக் கை போகாது. வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்க முன் உள்ளே கை போகுமா, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

தேங்காய்ச் சிரட்டையிலும் நான் செய்கிறேன். வெளிப்பக்கம் கண்ணாடித்தாள் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு தானாக வரும், வார்னிஷ் வேண்டாம். உட்பக்கம் எந்தப் பூச்சும் கூடாது, அலகால் கொத்துகிற இடம். நிறம் வேண்டுமென்றால் தொங்குகிற கயிற்றுக்குச் சாயம் போட்ட ஓலைப்பின்னல் சுற்றுங்கள். கயிறு தும்பாகவோ பனைநாராகவோ இருக்கட்டும். நைலோன் நூல், மீன் தங்கூசி வேண்டவே வேண்டாம், குருவியின் காலில் சுற்றினால் விரல் அழுகி விழுந்துவிடும். குஞ்சம், மணி, ரிப்பன் தொங்கவிடுவதும் அதே ஆபத்துத்தான்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துச் சோளகத்துக்கும் வாடைக்கும் ஒற்றைக் கயிற்றில் தொங்கும் எந்தத் தட்டும் சுழன்று சுழன்று தானியம் முழுவதையும் கொட்டிவிடும். இரண்டு முனையில் கட்டுங்கள், அல்லது அடியில் இருந்து ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். சோளகக் காலத்தில் வீட்டுக்கு வடகிழக்குப் பக்கம் காற்று மறைவு கிடைக்கும், வாடையில் மற்றப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

வயல் உள்ளவர்களுக்கு மிக இலேசான அலங்காரம் ஒன்று இருக்கிறது. தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்கும்போது, அதாவது முதற்கதிர் அறுக்கும்போது, நெற்கதிரில் ஒரு கொத்தைப் பின்னி விறாந்தையில் தொங்கவிடுங்கள். சிட்டும் சில்லையும் அதில் தொங்கிக்கொண்டு உருவித் தின்னும். முடிந்ததும் வைக்கோலை எருக்கிடங்கில் போடலாம். கழுவ ஒன்றும் இல்லை.

முற்றத்து_மல்லிகை

உறி யோசனை எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது அக்கா. மாமியின் பழைய உறி ஒன்று பரணில் கிடக்கிறது.

சிவப்புப் பூத் தட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பெட்டியில் சிவப்புத் தூள் ஒன்றும் வந்தது, தண்ணீரில் கலக்கச் சொல்லி. தேன்சிட்டு வருமா? தேன் கலந்து வைக்கலாமா?

கொக்குவில்_உயிரியல்

தூளைக் குப்பையில் போடுங்கள், சாயம் தேவையே இல்லை. தேனும் வேண்டாம், தண்ணீர் கலந்த தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைச் சீனி ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, கொதிக்கவைத்து ஆறவிட்டது. எங்கள் வெப்பத்தில் அதுவும் ஒரு நாளுக்கு மேல் நிற்காது, தினமும் மாற்ற வேண்டும். ஒருநாள் மறந்தாலும் புளித்த தண்ணீரைக் குடிக்கும்.

இன்னொரு சிரமம், அந்தப் பூத் தட்டு ஹம்மிங் பறவைக்குச் செய்தது. அது அந்தரத்தில் நின்றபடி குடிக்கும். தேன்சிட்டு உட்கார்ந்து குடிக்கவே விரும்பும், ஆகவே கால் வைக்கக் குச்சி இருக்க வேண்டும். சீனித்தண்ணீரில் சக்தி மட்டும்தான் இருக்கிறது. தேன்சிட்டு தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் சிலந்தியும் சின்னப் பூச்சியும்தான் கொடுக்கும். பூக்கிற செடியில் தேனும் பூச்சியும் இரண்டும் கிடைக்கும். செவ்வரத்தை, எக்சோரா, கிணற்றடி வாழை, ஒரு முருங்கை. வாழைப்பொத்தி விரியும்போது காலையில் போய் நின்று பாருங்கள், தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கும். அடுக்குச் செவ்வரத்தையை விட ஒற்றை இதழ்ச் செவ்வரத்தைதான் அதற்கு வசதி.

சிட்டுக்குருவிக்கும் இதேதான். பங்குனி 20 சிட்டுக்குருவி நாள் என்று எல்லோரும் தானியம் வைத்துப் படம் போடுகிறார்கள். தாய்க்குருவி முதல் சில நாட்கள் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும், தானியம் அந்தக் குஞ்சுக்குச் செரிக்காது. தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டுத் தட்டில் தினை வைப்பதால் குருவி பெருகாது.

சாவகச்சேரி_மாந்தோப்பு

ரீச்சர் கடைசியாகச் சொன்னதை எல்லோரும் வாசிக்க வேண்டும். கூடு கட்ட இடமும் அப்படித்தான். பட்டுப்போன மொட்டைப்பனையை உடனே தறிக்கிறார்கள். அந்தப் பொந்தில்தான் கிளியும் மைனாவும் குஞ்சு பொரிக்கும். போர்க்காலத்தில் பங்கருக்கும் காவலரணுக்கும் எத்தனை பனை போனது என்று பெரியவர்களுக்குத் தெரியும். வீட்டுக் கூரைக்கு ஆபத்தில்லாத தூரத்தில் நிற்கிற மொட்டைப்பனையை அப்படியே விட்டுவிடுங்கள்.

தட்டு விஷயத்தில் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் பறவையைக் கிட்ட நின்று பார்க்க வேறு வழி இல்லை. பார்த்தால்தான் விருப்பம் வரும். காலையில் ஒரு பிடி, மத்தியானத்தோடு முடிவு, கிழமைக்கு ஒருமுறை கழுவல் என்றால் நான் எதிர்க்கமாட்டேன்.

ஸ்கார்பரோ_வாசி

நான் இங்கே தட்டைக் கழுவுவதில் இவ்வளவு கவனம் எடுத்ததில்லை. இந்தச் சனிக்கிழமை முதல் வேலை அதுதான். அடுத்த ஊர்ப் பயணத்தில் ஈர்க்கு அக்காவிடம் சிரட்டைத் தட்டு வாங்க விருப்பம், தனிச்செய்தியில் எழுதுகிறேன்.

முற்றத்து_மல்லிகை

எல்லோருடைய பதிலையும் வீட்டில் சத்தமாக வாசித்தேன், அவரும் கேட்டார். முடிவு இது. மரவீட்டுக்கு ஈர்க்குக் கம்பி போட்டுத் தகரம் சுற்றிய கம்பத்தில் வைக்கிறோம். உறியில் பழம். மாமரத்தடியில் மண்சட்டித் தண்ணீர், அது சின்னவளின் பொறுப்பு. பிளாஸ்ரிக் குழாயை மகளுக்குச் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

மதிலை இனி இடிக்க முடியாது. அதன் உட்பக்கம் மூன்றடி நிலம் இருக்கிறது. பழைய வேலி மாதிரி அங்கே ஏதாவது நடலாமா? வேர் மதிலைக் கெடுக்குமா என்று அவர் கேட்கிறார்.

கதியால் (கோப்பாய்)

பூவரசு வேண்டாம், பெருத்துவிடும். கிளுவை நடுங்கள். வருடா வருடம் கொய்து விட்டால் மதில் உயரத்துக்கு அடங்கி நிற்கும், முள் இருப்பதால் பூனை ஏறாது, கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் கூடு கட்டும். இடைக்கிடை ஒற்றைச் செவ்வரத்தை. முற்றத்தில், மதிலில் இருந்து பத்தடியாவது தள்ளி, ஒரு ஜாம்பழ மரம்.

கிளுவைக் கிளையைக் கைப்பிடிப் பருமனில் ஐந்து, ஆறடிக் கதியாலாக, அதாவது வேலிக்கு நடும் தடியாக, வெட்ட வேண்டும். அடிப்பக்கம் சரிவான வெட்டு, பட்டை உரியக்கூடாது, அதனால் கத்தி கூராக இருக்கட்டும். வெட்டிய உடனே நடாமல் சில நாள் நிழலில் சாய்த்து வைத்தால் வெட்டு வாய் காய்ந்து அழுகல் குறையும். ஐப்பசி மழை முதல் இரண்டு முறை பெய்து மண் நனைந்ததும் ஒன்றரையடி ஆழத்துக்கு அலவாங்கால் துளை போட்டு இறக்கி, சுற்றிவர மண்ணை நன்றாக இறுக்குங்கள். மதிலில் இருந்து இரண்டடி விடுங்கள், கதியாலுக்குக் கதியால் ஒரு முழம் போதும். மழை விட்ட பிறகு தை, மாசியில் கிழமைக்கு இரண்டு தண்ணீர்.

எங்கள் வேலி புரட்டாசிக் கடைசியில் கொய்வோம். வேண்டிய கதியாலை ஒதுக்கி வைக்கிறேன், லாண்ட்மாஸ்டர் பிடித்து வந்தால் ஏற்றிக்கொண்டு போகலாம். எத்தனை முழம் நீளம் என்று அளந்து சொல்லுங்கள்.